தொண்டைக்கு இதமாக ஒன்று

பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். மூணுதரம் என்று கூப்பிட வேண்டும். பழமண்டியில் ஏலம் கூவுகிறவருக்கு அதைவிடப் பொருத்தமாக வேறு என்ன பெயர் வைப்பது? ஒரு தரம், ரெண்டு தரம் என்று இழுத்து, மூணு தரம் என்று அவர் போட்டு உடைத்தால் தகரக் கூரையில் உட்கார்ந்திருக்கும் புறாக்கள் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் மறுபடி உட்காரும். லாரிக்கு அடியில் படுத்திருக்கும் டிரைவருக்கு, எந்தப் பெட்டி என்ன விலைக்குப் போனது என்று தூக்கத்திலேயே தெரிந்துவிடும். "வீட்டுல ஒரு ரகசியம் பேசணும்னா முதல்ல உங்களைக் கடைக்கு அனுப்பணும்" என்பாள் அவர் மனைவி. அவள் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருந்தாள். மெஷின் ஓடும் சத்தத்தையும் மீறி இந்த மனிதரோடு பேசிப் பேசி அவள் குரலும் கொஞ்சம் தடித்துத்தான் போயிருந்தது.

கவிழ்த்துப் போட்ட இரண்டு மரப்பெட்டிகள்தான் அவருடைய மேடை. ஏறி நின்றால் எதிரே வியாபாரிகள் நெருக்கியடித்து நிற்பார்கள். யாரும் வாயைத் திறந்து விலை சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் நிற்கிற போட்டிக்காரனுக்குத் தெரிந்துவிடுமாம். ஒருவர் புருவத்தைத் தூக்குவார், ஒருவர் பேனாவால் காதைத் தொடுவார், ஒருவர் சும்மா ஒரு கண்ணைச் சிமிட்டுவார். அவ்வளவையும் பார்த்துக்கொண்டே கூவ வேண்டும். நிஜமாகவே காது அரிக்கிறவன் எவன், விலை ஏற்றுகிறவன் எவன் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் மண்டி ஒரே நாளில் சண்டைக்களமாகிவிடும். இவருக்கு அது தெரியும். ஆனால் கண் எத்தனை கெட்டியாக இருந்தாலும் சோறு போட்டது தொண்டைதான்.

அதனால் தொண்டையை அவர் கைக்குழந்தை மாதிரி வைத்துக் காப்பாற்றினார். ஐஸ் தண்ணீர் கிடையாது, காரம் கிடையாது, வீட்டில் சண்டை வந்தாலும் உரக்கக் கத்துவது கிடையாது. சிகரெட் பக்கம் தலை வைத்தே படுத்ததில்லை. இளவட்டமாக இருந்தபோது ஒரு தடவை மட்டும், மூட்டை தூக்குகிறவர் ஒருவர் நீட்டிய சிகரெட்டை வாங்கி ஒரே ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். குடல் வாய்க்கு வந்துவிடும் போல் அப்படி ஒரு இருமல், கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வேண்டாம் என்று தொண்டையே சொல்லிவிட்டது, அவரும் கேட்டுக்கொண்டார். அத்தோடு அந்தக் கதை முடிந்தது என்றுதான் அவர் நினைத்தார்.

மறுபடி ஆரம்பித்து வைத்தவர் அவருடைய ஒரே தங்கையின் கணவர். மண்டியின் வாசலை ஒட்டி டீ, பிஸ்கட், சிகரெட், ரீசார்ஜ் என்று ஒரு பெட்டிக்கடை வைத்திருந்தார். கடை என்னவோ பெரிய வாசலில்தான் இருந்தது, வியாபாரம் மட்டும் எதிர்க்கடையில் நடந்தது. தங்கை சில நாள் முகம் வாடி வந்து அண்ணன் வீட்டில் உட்கார்ந்திருப்பாள். என்னம்மா என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடுமே, அண்ணனுக்கு அன்று ராத்திரி தூக்கம் வராது. டீ குடிக்க மாப்பிள்ளை கடைக்கே போங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பார்த்தார். ஏலக்காரர் சொன்னால் விலை ஏறும், டீ ருசிக்குமா?

ஆரஞ்சு வரத்து உச்சத்தில் இருந்த சமயம். விடியும் முன்னே கூவ ஆரம்பித்தால் வெயில் ஏறும் வரை லாரி வந்துகொண்டே இருக்கும். தொண்டை புண்ணாகி, குரல் கரகரத்து, மிளகைக் கடித்துக்கொண்டு சமாளித்தார். ஒரு நாள் டீ குடிக்கப் போனபோது மாப்பிள்ளை கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பச்சைப் பெட்டியை எடுத்து நீட்டினார்.

"மச்சான், இந்தத் தொண்டையை வெச்சுக்கிட்டு நாளைக்கு எப்படிக் கூவுவீங்க? இதுல ஒண்ணு இழுத்துப் பாருங்க."

"சிகரெட்டா? எனக்கும் அதுக்கும் ஆகாது மாப்ளே."

"அது வேற, இது வேற. இதுல மெந்தால் போட்டிருக்கு. தைலத்துல போடறாங்க, இருமல் மிட்டாய்ல போடறாங்க, அதே சரக்குதான். மிட்டாய் வயித்துக்குப் போகுது, இது நேரா தொண்டைக்குப் போகுது. அவ்வளவுதான்."

"பெட்டியில என்னமோ பயமுறுத்திப் போட்டிருக்கானே?"

"அது சட்டத்துக்காகப் போடறது மச்சான். இருமல் மருந்து பாட்டில்லயும்தான் குழந்தைங்க கைக்கு எட்டாம வைன்னு போட்டிருக்கான். அதுக்காகக் குடிக்காம இருக்கோமா?"

பற்ற வைத்து, பயந்து பயந்து ஒரு இழுப்பு இழுத்தார். இருமல் வரவில்லை. வருமென்று தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தார், அப்போதும் வரவில்லை. எரிந்துகொண்டிருந்த இடத்தில் யாரோ ஈரத்துணியைப் போட்டதுபோல் ஜில்லென்று இறங்கியது. மூக்கு திறந்தது, நெஞ்சு திறந்தது. இவ்வளவு நாள் பாதி மூச்சுத்தான் விட்டுக்கொண்டிருந்தோமோ என்று தோன்றியது. முழுதாக ஒன்றை இழுத்து முடித்துவிட்டு, "இது நல்லா இருக்கே மாப்ளே" என்றார். மாப்பிள்ளை பெட்டியையே அவர் சட்டைப் பையில் திணித்து, "நமக்குள்ள என்ன கணக்கு, தொண்டைக்குத்தானே" என்று சொல்லிவிட்டார்.

சொந்தமென்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று அன்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். அவள் முகர்ந்து பார்த்தாள். சட்டையில் புகை நாறியது, வாயில் புதினா மணத்தது. திட்டுவதா வேண்டாமா என்று அவளுக்கே குழப்பம். "மருந்துன்னா வேளைக்கு ஒண்ணுன்னு ஒரு கணக்கு இருக்குமே?" என்று மட்டும் கேட்டாள். அவர் சிரித்தார். அந்தக் கேள்விக்கு அப்போதே பதில் தேடியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. கட்டினவள் சொன்னால் யார்தான் காது கொடுத்துக் கேட்கிறார்கள்?

வேளைக்கு ஒன்றாக இருந்தது லாரிக்கு ஒன்றானது. தொண்டை ஆறின பிறகும் தொடர்ந்தது, புண் திரும்ப வராமல் இருப்பதற்காம். காலையில் எழுந்ததும் ஒன்று இழுக்காவிட்டால் கை பரபரத்தது, மனைவிமேல் எரிந்து விழுந்தார். தொண்டை கேட்கிறது என்று சொல்லிக்கொண்டார். கேட்டது தொண்டை இல்லை, தலைக்குள் குடியேறியிருந்த வேறொன்று. வாசல் வழியாக வந்திருந்தால் இருமல் என்கிற காவல்காரன் விட்டிருக்க மாட்டான். அவன் வாயில் மிட்டாயைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே நுழைந்துவிட்டது.

அவருடைய தொழிலோடும் அது பின்னிப் பிணைந்துகொண்டது. ரெண்டு தரம் என்று சொல்லிவிட்டு, மூணு தரம் சொல்லும் முன் ஒரு இழுப்பு இழுப்பார். அந்த இழுப்பு முடிகிற வரை மண்டியே அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பெட்டி கைவிட்டுப் போகப் போகிறதே என்று பதறி யாராவது ஒருவர் கண்ணைச் சிமிட்டிவிடுவார், விலை ஒரு படி ஏறும். கமிஷன்காரர்களுக்குப் பரம சந்தோஷம். மூணுதரத்தின் புகைக்கே தனி விலை என்று கேலி பேசினார்கள். என்ன அண்ணே அது, மணக்குதே என்று கேட்டவர்களிடம், "தொண்டைக்கு நல்லதுடா, இருமவே இருமாது, மாப்பிள்ளை கடையில இருக்கு" என்று அவரே சொல்லி அனுப்பினார். சிகரெட் என்றால் இருமித் தூர எறிந்த ஆட்களெல்லாம் பச்சைப் பெட்டியோடு சுற்ற ஆரம்பித்தார்கள். பெட்டிகள் அடுக்கின கண்ணாடி அலமாரி, அதற்குள் பச்சை விளக்கு, மேலே புதுப் பலகை என்று மாப்பிள்ளை கடை மாறிப்போனது. தங்கை முகம் வாடி வருவது நின்றது. அண்ணனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

வருடங்கள் போயின. பிறகு ஒரு சீசனில் குரல் தடுக்க ஆரம்பித்தது. முதலில் இழுவையில் ஒரு பிசிறு, அப்புறம் நடுவில் காற்று மட்டும் வரும். தடுக்கத் தடுக்க மருந்தைக் கூட்டினார், அதாவது இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று. ஒரு காலை மூணு தரம் என்று வாயைத் திறந்தார், மூணு வந்தது, தரம் வரவில்லை. முடிந்தது என்று ஒரு வியாபாரி பெட்டியைத் தூக்க, முடியவில்லை என்று இன்னொருவர் அதே பெட்டியைப் பிடிக்க, ஆப்பிள் எல்லாம் தரையில் உருண்டது. மண்டித் தலைவர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டாக்டர்கிட்டக் காட்டுங்க. குரல் திரும்பி வந்தா அந்த மேடை உங்களுதுதான். வரலேன்னா, வருத்தப்படாதீங்க, வேற ஆளைப் பாக்க வேண்டியதுதான்."

தொண்டை டாக்டர் ஒரு நடுவயது அம்மா. மெல்லிய குழாயை உள்ளே விட்டு வெகுநேரம் பார்த்தார்.

"புகை பிடிப்பீங்களா?"

"கிடையாது டாக்டர். பொழைப்பே தொண்டையில இருக்கு, புகை பிடிப்பேனா?"

"சட்டையில வாடை அடிக்குதே?"

"மண்டியில எல்லாரும் ஊதுவாங்க டாக்டர்."

அவர் பொய் சொல்லவில்லை. இருமல் மிட்டாய் சப்புகிறவர் யாராவது டாக்டரிடம் போய், நான் மிட்டாய் தின்பேன் என்று ஒப்புக்கொள்வாரா? பேசும்போது புதினா வாசனைதான் வந்தது. டாக்டர் மேலே கேட்கவில்லை. குரல்நாணில் ஒரு இடம் தடித்திருக்கிறது, கொஞ்சம் சதை எடுத்துச் சோதனை செய்து பார்த்தால்தான் எதையும் சொல்ல முடியும், அடுத்த வாரம் வாருங்கள் என்றார். சதை எடுத்துப் பார்ப்பது என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும்.

வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. கால் தங்கை வீட்டுக்கு நடந்தது. தங்கைக்குச் சளிக்காய்ச்சல், தொண்டை கட்டிக்கொண்டு குரலே எழும்பவில்லை. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தாள். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வா என்று சைகை காட்டினாள். அவளைப் பார்த்ததும் டாக்டர் சொன்னதெல்லாம் பின்னுக்குப் போய்விட்டது.

"என்னம்மா, உனக்கும் தொண்டையா? நம்ம குடும்ப ராசி அது" என்று கரகரத்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து பச்சைப் பெட்டியை எடுத்தார். "ஒரே ஒரு இழுப்பு இழு. வெக்கப்படாதே, வீட்டுக்குள்ளதானே. தொண்டை உடனே திறந்துக்கும்." ஒன்றை உருவி அவள் உதட்டருகே கொண்டுபோனார்.

மாப்பிள்ளை எச்சில் கையோடு பாய்ந்து அதைத் தட்டிவிட்டார். சிகரெட் அலமாரிக்கு அடியில் போய் விழுந்தது.

"உங்களுக்கென்ன பைத்தியமா மச்சான்? காய்ச்சல்காரிக்குப் போய் அந்த விஷத்தைக் குடுக்கறீங்க?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும்.

"விஷமா?" என்றார் மூணுதரம். குரல் வரவில்லை, காற்றாகத்தான் வந்தது. "மருந்துன்னு நீங்கதானே மாப்ளே குடுத்தீங்க?"

"இல்ல மச்சான், அது வந்து…"

"மருந்துன்னுதானே குடுத்தீங்க?"

மாப்பிள்ளை கையைக் கழுவிக்கொண்டு வந்தார். அந்த நேரத்தில் ஒரு பொய்யைத் தயார் செய்திருக்கலாம், கிடைக்கவில்லை போலிருக்கிறது. கம்பெனி ஏஜெண்ட் வந்தானாம். புதுச் சரக்கு, யாரும் தொட மாட்டேன் என்கிறார்கள், இந்த இடத்தில் எல்லாரும் பார்க்கிற ஆள் யார் என்று கேட்டானாம். பெட்டி மேல் ஏறிக் கூவுகிற மச்சானைக் காட்டினாராம். அந்த ஆள் கையில் இது இருந்தால் போதும், விளக்கு வைத்த அலமாரியும் பலகையும் இலவசம், இருமலே வராது, அதனால் புதிதாக வருகிறவன்கூட விட மாட்டான் என்றானாம்.

"கடையை மூடற நிலைமையில இருந்தேன் மச்சான். உங்க தங்கச்சி குடும்பம் தெருவுல நின்னிருக்கும். ஒண்ணு ரெண்டோட விட்டுடுவீங்கன்னுதான் நினைச்சேன்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததை அவர் கதையில்தான் கேட்டிருந்தார். தொண்டை தொண்டை என்று இத்தனை காலம் உருகின மனிதர், அதே தொண்டையில் விளம்பரப் பலகை மாட்டியிருக்கிறார். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதுதான். ஆனாலும் மாப்பிள்ளைமேல் வந்த கோபத்தை அவரால் தாங்க முடிந்தது. என்ன இருந்தாலும் வெளியிலிருந்து வந்தவர். அவருக்கு உறுத்தியது வேறொன்று. சிகரெட்டை உதட்டருகே கொண்டுபோனபோதே தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். கணவர் விஷம் என்று கத்தியபோது திடுக்கிடவும் இல்லை.

"உனக்கும் தெரியுமாம்மா?"

அவள் துண்டின் நுனியைத் திருகினாள்.

"என்னைப் பாத்துச் சொல்லு. தெரியுமா?"

"அந்தப் பெட்டி நம்ம வீட்டுக்குள்ள வரவே கூடாதுன்னு நான்தான்ணா சொல்லியிருந்தேன்" என்றாள். கட்டின தொண்டையிலிருந்து அது மெதுவாகத்தான் வந்தது. அவருக்குத் தெளிவாகக் கேட்டது.

அவர் வரும்போதெல்லாம் வெளியே வராந்தாவில் நாற்காலி போட்டு, இங்கே காற்றோட்டமாக இருக்கும் என்று உட்கார வைப்பார்கள். தனக்குக் காட்டும் மரியாதை என்று நினைத்திருந்தார்.

"எனக்கு மட்டும் ஏம்மா சொல்லல?"

"அப்போ கடை அப்படி இருந்துச்சுண்ணா. அப்புறம் சொன்னா, ஏன் முன்னாடியே சொல்லலன்னு நீ கேப்பே…" அழுதாள். அவள் அழுதால் ஓடிப்போய்க் கண்ணைத் துடைத்துத்தான் அவருக்குப் பழக்கம். அன்று கை எழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

மண்டி காலியாகக் கிடந்தது. மதியத்துக்குமேல் அங்கே வைக்கோலும் நசுங்கின பழமும் ஈயும்தான். மாப்பிள்ளை கடை இருக்கும் வாசல் வழியாகப் போகாமல், சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். அங்கே ஒரு தள்ளுவண்டிக்காரரிடம், புதினா கிதினா எதுவும் கலக்காத சிகரெட் ஒன்று கேட்டார். இந்த அண்ணன் பச்சைப் பெட்டி ஆளாயிற்றே என்று அவர் விசித்திரமாகப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். இத்தனை வருடமாகத் தனக்குள்ளே போன பொருள் எது என்று, வேஷம் கலைத்து ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது அவருக்கு.

தன் பெட்டிமேல் உட்கார்ந்து பற்ற வைத்து, வழக்கமாக இழுப்பதுபோல் ஆழமாக இழுத்தார்.

நெருப்புத்துண்டை விழுங்கினதுபோல் இருந்தது. இருமல் அவரைப் பெட்டியிலிருந்து கீழே தள்ளியது. முழங்காலில் விழுந்து, தரையில் கையை ஊன்றி, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்ட இருமினார். மாப்பிள்ளை கடையில் அந்த முதல் நாளே வந்திருக்க வேண்டிய இருமல் இது. வேண்டாம் வேண்டாம் என்று இத்தனை காலமும் உள்ளே கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது, வெளியே கேட்காதபடி வாயைப் பொத்தி வைத்திருக்கிறார்கள். ஊருக்கே கேட்கக் கூவினவருக்குத் தன் தொண்டை கூவினது மட்டும் கேட்கவில்லை. மாப்பிள்ளையைத் தலைமுழுகிவிட வேண்டும், தங்கை வீட்டு வாசலை இனி மிதிக்கக் கூடாது, அடுத்த வாரம் டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இருமலுக்கு நடுவே வரிசையாக முடிவு செய்தார். எல்லாம் அவரால் முடிகிற காரியங்கள்தான்.

இருமல் மட்டும் நிற்கவில்லை. மூச்சு கிடைக்கவில்லை, நெஞ்சு அடைத்தது. கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. உருவியதும் தீக்குச்சியைக் கிழித்ததும் அவருக்கு நினைவில்லை. ஜில்லென்று அது இறங்கியது, மூக்கு திறந்தது, நெஞ்சு திறந்தது, இருமல் சொன்னபடி கேட்டு அடங்கியது.

இதமாக இருந்தது. எல்லாம் தெரிந்த பிறகும் இதமாகத்தான் இருந்தது. கையிலிருந்ததைப் பார்த்தார். கீழே போட மனம் வராமல் இன்னொரு முறை இழுத்துவிட்டு, சத்தம் வராத தொண்டையோடு அழுதார்.